ஆளுக்கு 5 ஜிபி, 200 பேர், 1 டிபி டிஸ்க்: மெயில் சர்வருக்குப் போதுமா?

கேள்வி, 5 பிப்ரவரி 2024

எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமாக மெயில் சர்வர் வைக்கப் போகிறோம். 200 பேர், ஆளுக்கு 5 ஜிபி கோட்டா. பெருக்கினால் 1000 ஜிபி. அதனால் 1 டிபி டிஸ்க் வாங்கினால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்), டவ்காட் (பெட்டிகளைப் பயனர்களுக்குத் திறந்துகாட்டும் மென்பொருள்), மெயில்டிர் (மெயிலைச் சேமிக்கும் முறை), இஎக்ஸ்டி4 (டிஸ்க்கின் கோப்பு முறைமை). பழைய சர்வரில் இப்போது எல்லாம் சேர்த்து 400 ஜிபி இருக்கிறது. கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பதில், 5 பிப்ரவரி 2024, இரவு

தப்பு இருக்கிறது. கோட்டா பக்கம் அப்புறம் வருகிறேன், முதலில் டிஸ்க் பக்கத்தைப் பார்ப்போம்.

பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டிருப்பது 1000-ஆல் பெருக்கிய கணக்கு. சர்வர் 1024-ஆல் வகுத்துக் காட்டும்போது அது 931 ஜிபி ஆகிவிடும். அதில் இஎக்ஸ்டி4 தன் வழக்கப்படி 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு ஒதுக்கிவைக்கும். மிச்சம் 884 ஜிபி. உங்களுக்கு வேண்டியது 1000. அதாவது ஒரு மெயில் கூட வருவதற்கு முன்பே உங்கள் பெருக்கல் டிஸ்க்கில் அடங்கவில்லை.

அந்த 5 சதவீதத்தை டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை கொண்டு குறைக்கலாம். மெயில் மட்டுமே இருக்கும் தனிப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவில்) நான் 1 சதவீதம் வைப்பேன். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு பக்கம், 200 பேரும் 5 ஜிபியை நிரப்பப் போவதில்லை. நான் பார்த்த எல்லாச் சர்வரிலும் பத்துப் பதினைந்து பேர்தான் பாதி டிஸ்க்கைப் பிடித்திருப்பார்கள். மற்றவர்கள் கோட்டாவில் கால்வாசியைக் கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். பெட்டிகளுக்கு வெளியேயும் இடம் பிடிக்கும் விஷயங்கள் உண்டு. ஆகவே கோட்டாவை ஆட்களால் பெருக்கி வரும் எண் மேல் எல்லையும் இல்லை, கீழ் எல்லையும் இல்லை. கோட்டா என்பது ஒருவர் மற்றவர் இடத்தைத் தின்றுவிடாமல் இருக்கப் போடும் வேலி. வேலியின் நீளத்தை வைத்து விளைச்சலைச் சொல்ல முடியாது.

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதை அளந்து பாருங்கள்.

6 பிப்ரவரி 2024

எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வது இது.

போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில்) க்யூமேனேஜர், அதாவது மெயில் வரிசையைக் கவனிக்கும் பகுதி, எழுதும் வரிகளைப் பாருங்கள். அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில் மெயிலின் அளவு பைட்டில் இருக்கும், அதற்கடுத்து எத்தனை பெறுநர்கள் என்ற எண் இருக்கும். அளவைப் பெறுநர் எண்ணால் பெருக்கி, ஒரு நாளுக்குரிய எல்லா வரிகளையும் கூட்டுங்கள். ஒரு நாள் எடுத்தால் போதாது, குறைந்தது ஒரு மாதம் வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அனுப்பும் விரிதாள்கள் நடு வாரத்தில் தெரியவே தெரியாது.

சராசரி மெயில் அளவு என்று ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லும் ஆலோசனைகளை நான் நம்புவதில்லை. மெயில்களில் பெரும்பாலானவை சில கேபி எழுத்து மட்டும். இடத்தைப் பிடிப்பது நூற்றில் நாலைந்து வரும் பெரிய அட்டாச்மெண்ட்கள். அந்த நாலைந்து ஆறானால் சராசரியே மாறிவிடும்.

9 பிப்ரவரி 2024

ஒரு வேலை நாளுக்கு 3.1 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 400 ஜிபி சில மாதங்களிலேயே சேர்ந்திருக்கும், பழைய சர்வரோடு அது பொருந்தவே இல்லை. உட்கார்ந்து யோசித்ததில், 6-ஆம் தேதி நான் சொன்ன வழியில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. மன்னிக்கவும், அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மெயில் ஆக்டிவ் க்யூவுக்குள், அதாவது இப்போது அனுப்ப எடுத்த வரிசைக்குள், நுழையும் ஒவ்வொரு முறையும் க்யூமேனேஜர் அந்த வரியை எழுதும். எதிர்ச் சர்வர் எடுத்துக்கொள்ளாமல் தள்ளிப்போன மெயில் மறுபடி முயற்சிக்கப்படும்போதெல்லாம் அதே அளவோடு இன்னொரு வரி விழும். அப்புறம், வைரஸ் சோதனைக்காக மெயிலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் அமைப்பு உங்களிடம் இருந்தால் உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலும் இரண்டு தடவை லாக்கில் வரும், இரண்டு வேறு க்யூ அடையாளங்களோடு.

ஆகவே க்யூ அடையாளத்தை வைத்து ஒரு மெயிலுக்கு ஒரு வரி என்று வடிகட்டுங்கள். சோதனைக்குப் போய்த் திரும்பிய பிறகு வரும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் வரியை விட்டுவிடுங்கள். உள்ளூர்ப் பெட்டிக்குப் போகாமல் வெளியே போகும் பெறுநர்களையும் கழித்துவிடுங்கள்.

10 பிப்ரவரி 2024

வடிகட்டியதும் நாளுக்கு 1.5 ஜிபி என்கிறீர்கள். சரி, இப்போது நம்பலாம்.

நம்பலாம் என்று எழுதிய கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எதிர்த் திசையில் இழுக்கும். நீங்கள் ஒரு மெயில் அனுப்பியதும் அதன் பிரதி உங்கள் ‘அனுப்பியவை’ ஃபோல்டரில் உட்காருகிறதே, அது போஸ்ட்ஃபிக்ஸ் வழியாக அங்கே போவதில்லை. உங்கள் மெயில் செயலி ஐமேப் (செயலி பெட்டியோடு பேசும் முறை) மூலம் தானே ஏற்றுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் அதற்கு ஒரு வரியும் இல்லை. விற்பனைப் பிரிவில் நாள் முழுக்கக் கையேடுகளை அனுப்புகிறவருக்கு இன்பாக்ஸைவிட அந்த ஃபோல்டர்தான் பெரிது. வரைவுகளும் அப்படியே: பெரிய அட்டாச்மெண்டோடு ஒரு மெயிலை எழுதிக்கொண்டிருக்கும்போது செயலி சில நிமிடத்துக்கு ஒரு தடவை புதிய வரைவை ஏற்றிவிட்டுப் பழையதை அழிக்கும்.

ஆகவே லாக் சொல்வது வரவில் ஒரு பகுதியைத்தான். எது தங்குகிறது என்பதை டிஸ்க்கிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் மெயில் ஃபோல்டர் முழுவதற்கும் டியு (ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டி எண்ணை எழுதிவையுங்கள். நாலு வாரம் போனால் மாத வளர்ச்சி கையில் இருக்கும். லாக் கணக்கு வீண் என்று நினைக்க வேண்டாம். மிக மோசமான ஒரு நாளில் எவ்வளவு வரும் என்பதை அது ஒன்றுதான் சொல்லும், அந்த எண் பின்னால் தேவைப்படும்.

10 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

இன்னொரு வாசகர்: “10 எம்பி வரம்பு வைத்திருக்கிறேன், ஆனால் 8 எம்பி கோப்பைக் கூட அனுப்ப முடியவில்லை என்கிறார்கள்.”

காரணம் பேஸ்64, கோப்பை எழுத்துகளாக மாற்றும் முறை. மெயிலுக்குள் போகும் கோப்பில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறும். 76 எழுத்துக்கு ஒரு வரி, வரிக்கு முடிவில் இன்னும் 2 பைட். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 37 சதவீதம் ஏறும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான மெயில் அளவு வரம்பு 1,02,40,000 பைட், அதில் அடங்கும் கோப்பு சுமார் 7.4 எம்பிதான். 25 எம்பி வரம்பு வைத்தால் 18 எம்பி கோப்பு போகும். பயனர்களிடம் சொல்லும்போது கோப்பின் அளவைச் சொல்லுங்கள், மெயிலின் அளவைச் சொல்லாதீர்கள். பாதிச் சண்டை குறையும்.

டிஸ்க் கணக்கிலும் இதே 37 சதவீதம் உண்டு. ‘எங்களிடம் பொதுவாக ஓடும் கோப்புகள் இவ்வளவு ஜிபி’ என்று கோப்புச் சர்வரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

17 பிப்ரவரி 2024

சுருக்கி வைத்தால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டவ்காட்டில் மெயிலைச் சுருக்கிச் சேமிக்க வசதி இருக்கிறது. நான் ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன், பிரியமாகச் சிபாரிசு செய்வேன்.

படங்களும் பிடிஎஃப்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் என்ன மிச்சமாகும் என்பது வழக்கமான எதிர்ப்பு. அந்தக் கோப்பை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் மெயிலில் அது பேஸ்64 ஆக இருக்கிறது. 8 பிட் இடத்தில் 6 பிட் தகவல்தான் உள்ளது. ஜிஸிப் என்ற சுருக்கு முறை அந்த வீண் இடத்தைப் பெரும்பாலும் பிடுங்கிவிடும். ஏறிய 37 சதவீதம் ஏறத்தாழ இறங்கிவிடும். உரைநடை மெயில்களில் லாபம் இன்னும் அதிகம்.

18 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம். ஒருவர் எல்இஸட்4 என்ற வேறொரு சுருக்கு முறையை வைத்துப் பார்த்து ஒன்றும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எல்இஸட்4 திரும்பத் திரும்ப வரும் சரங்களைத்தான் தேடுகிறது. எழுத்துக்கு எத்தனை பிட் வேண்டும் என்று மறு குறியீடு செய்யும் படி அதில் கிடையாது. பேஸ்64 ஆன படத்தில் திரும்ப வரும் சரம் எங்கே இருக்கும்? ஜிஸிப்பிலும் இஸட்ஸ்டாண்டர்டிலும் அந்தப் படி இருக்கிறது. ‘இஸட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் எல்இஸட்4 போட்டிருக்கிறேன், தனியாக வேண்டாம்’ என்று இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உரைநடையில் லாபம் கிடைக்கும், அட்டாச்மெண்டில் கிடைக்காது.

மற்றொன்று. டவ்காட் கோட்டாவைச் சுருக்காத அளவில்தான் கணக்கிடும். 5 ஜிபி கோட்டா நிறைந்துவிட்டது என்று ஒருவர் புகார் சொல்வார், டியு பார்த்தால் 3 ஜிபி சொச்சம் இருக்கும். இரண்டும் உண்மை.

24 பிப்ரவரி 2024

இஎக்ஸ்டி4 என்று சொன்னதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்த சர்வரை எடுத்துக்கொண்டேன். 1 டிபி பார்ட்டிஷன், பாதிக்கு மேல் காலி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெயில் நின்றுபோனது. லாக்கில் ‘இடம் இல்லை’ என்ற பிழை. டிஎஃப் (காலி இடத்தைக் காட்டும் கட்டளை) ஓட்டினால் 500 ஜிபிக்கு மேல் காலி என்று காட்டுகிறது. திரும்ப ஓட்டினேன், சர்வரை ரீபூட் செய்தேன், கோப்பு முறைமையைச் சோதித்தேன். இடம் இருக்கிறது, ஒரு வெறும் கோப்பைக் கூட உருவாக்க முடியவில்லை. மதியம் வரை எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் டிஎஃப்-ஐ ஐநோடு காட்டும் விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு.

ஐநோடு என்பது கோப்பின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும். மெயில்டிரில் ஒரு மெயில் ஒரு கோப்பு. இஎக்ஸ்டி4-இல் ஐநோடு எண்ணிக்கை பார்மட் செய்யும் நேரத்திலேயே தீர்மானமாகிவிடும், அதே அளவு பார்ட்டிஷனில் பிறகு கூட்ட வழி இல்லை. இயல்பில் 16 கேபிக்கு ஒரு ஐநோடு. 1024 கணக்கில் ஒரு டிபிக்கு 6.7 கோடி வரும், தாராளம். ஆனால் முன்னவர் பெரிய டிஸ்க்தானே என்று பெரிய கோப்புகளுக்கான வகையைத் தேர்ந்து பார்மட் செய்திருந்தார். அதில் 1 எம்பிக்கு ஒரு ஐநோடு. ஆக மொத்தம் சுமார் 10 லட்சம். பத்து லட்சமாவது கோப்போடு கதை முடிந்தது.

அன்றைக்கு நான் செய்தது, யாருக்கும் வேண்டாத பழைய எரித (ஸ்பாம்) குவியலை அழித்துச் சில நாள் அவகாசம் வாங்கியதுதான். வார இறுதியில் புது டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமையில் பார்மட் செய்து எல்லாவற்றையும் மாற்றினேன். எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்ளும்.

உங்களுக்கு இயல்பு அமைப்பே போதும். ஆனால் கண்காணிப்பில் இடத்துக்கு ஒரு எச்சரிக்கை வைக்கும்போது ஐநோடுக்கும் ஒன்று வையுங்கள். ஒரு வரி வேலை.

25 பிப்ரவரி 2024

“மெயில்டிரில் சின்னக் கோப்புகளால் இடம் வீணாகுமே?” ஆகும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் அலகான பிளாக் 4 கேபி. 5 கேபி மெயில் 8 கேபி பிடிக்கும். சராசரியாக மெயிலுக்கு அரை பிளாக், அதாவது 2 கேபி வீண் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் மெயிலுக்கு 2 ஜிபி. அதற்காக எம்பாக்ஸுக்குத் திரும்பிப் போகாதீர்கள். எம்பாக்ஸில் ஒரு பெட்டி முழுவதும் ஒரே கோப்பு, நடுவில் ஒரு மெயிலை அழித்தால் மிச்சத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

2 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மூன்று ஞாயிறு டியு எடுத்து, மாதம் 30 ஜிபி வீதம் வளர்கிறது என்கிறார். அருமை. வருடத்துக்கு 360. மூன்று வருடத்துக்கு 1080. இப்போது இருக்கும் 400-ஐச் சேர்த்தால் 1480 ஜிபி. கோட்டாக்களின் கூட்டான 1000-ஐ இது தாண்டுகிறது, அதற்குள் கோட்டாவையும் கூட்ட வேண்டிவரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இது பெட்டிகளுக்குள் இருக்கும் மெயில் மட்டும். பெட்டிக்கு வெளியே இருப்பதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

டவ்காட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இண்டெக்ஸ் (அட்டவணை) கோப்புகள் வைத்திருக்கும். பெரும்பாலும் கேச் கோப்புதான் பெரிது. மொத்தத்தில் அது சிறு பங்கு. மெயிலின் உள்ளடக்கத்தில் தேடும் வசதியை இயக்கினால் கதை வேறு: தேடல் இண்டெக்ஸ் மெயில் உரையோடு சேர்ந்து வளரும். என் சர்வரில் அது பெட்டிகளின் அளவில் ஏழில் ஒரு பங்கு வந்தது, உங்களுடையது மொழியையும் அட்டாச்மெண்டுக்குள் தேடுகிறீர்களா என்பதையும் பொறுத்து மாறும். பத்துப் பெட்டிகளில் மட்டும் ஒரு வாரம் இயக்கிப் பாருங்கள்.

க்யூ. மெயில் பெட்டி இருக்கும் இயந்திரம் விழுந்துவிட்டால் மெயில் எல்லாம் க்யூவில் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். அப்போது மோசமான ஒரு நாளின் வரவை ஐந்தால் பெருக்கிய இடம் வேண்டும். பிப்ரவரியில் லாக்கில் எடுத்த எண் இங்கேதான் பயன்படும். க்யூவில் பல பெறுநர்களுக்கு ஒரே பிரதிதான் நிற்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே வரும்.

வைரஸ் சோதனை அட்டாச்மெண்ட்களைப் பிரித்துப் போடும் தற்காலிக இடம். ஒரே நேரத்தில் இருபது மெயில் சோதனையில் இருந்தால், ஒவ்வொன்றும் ஸிப் என்றால், விரிந்த அளவுதான் கணக்கு. எரித ஒதுக்கிடம்: தானாக அழியும் ஏற்பாடு இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். லாக். இவை மூன்றும் மெயில் பார்ட்டிஷனில் இருக்கவே கூடாது.

3 மார்ச் 2024

ஏன் கூடாது என்று கேட்டவருக்கு, நானே அனுபவித்த ஒரு இரவைச் சொல்கிறேன்.

லாகின் சிக்கல் ஒன்றைப் பிடிக்க டீபக் லாக்கை (ஒவ்வொரு அசைவையும் எழுதும் விரிவான லாக்கை) இயக்கியிருந்தோம். மாலை எல்லோரும் வீட்டுக்குப் போனோம், அணைக்க மறந்தாயிற்று. லாக், க்யூ, பெட்டிகள் எல்லாம் ஒரே பார்ட்டிஷன். இரவு இரண்டு மணிக்கு நிறைந்தது.

நல்ல செய்தி முதலில்: வெளியிலிருந்து வந்த மெயில் எதுவும் தொலையவில்லை. க்யூ இருக்கும் பார்ட்டிஷனில் மெயில் அளவு வரம்பைப் போல ஒன்றரை மடங்கு இடம் காலியாக இல்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலை 452 என்ற தற்காலிக மறுப்போடு திருப்பும். எதிர்ச் சர்வர் அதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். எஸ்எம்டிபி விதிமுறையே குறைந்தது நாலைந்து நாள் முயலச் சொல்கிறது. ஆகவே நிறைந்துபோன டிஸ்க்கில் முதல் மணி நேரத்தில் பதற வேண்டியதில்லை. அவசரத்தில் அழிப்பதுதான் ஆபத்து.

நான் அவசரப்பட்டேன். அந்தப் பெரிய லாக் கோப்பை அழித்தேன். டிஎஃப் அதே நூறு சதவீதத்தில் நிற்கிறது. லாக் எழுதும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. டியு ஒரு எண், டிஎஃப் ஒரு எண். எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை மூலம் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த நிரலை மறுபடி தொடங்கிய பிறகுதான் இடம் திரும்பியது. அன்றிலிருந்து லாக்கை அழிப்பதில்லை, நீளத்தைப் பூஜ்யமாக்குகிறேன்.

3 மார்ச் 2024, இரவு

மேலே சொன்னது டிஸ்க் நிறைந்த கதை. கோட்டா நிறைந்த கதை தனி, அதில் பயனர்தான் பாவம். “பெட்டி நிறைந்துவிட்டது, அழியுங்கள்” என்று நாம் எச்சரிக்கை அனுப்புகிறோம். அவர் அழி பொத்தானை அழுத்துகிறார். பழைய செயலிகள் என்ன செய்யும் தெரியுமா? மெயிலைக் குப்பை ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மூலத்தை அழிக்கும். பிரதிக்கு இடம் வேண்டும். கோட்டாவில் இடம் இல்லை. அழிக்க முடியவில்லை! ஐமேப்பில் மூவ் கட்டளை 2013-இல்தான் தனி விதிமுறையாக வந்தது. சர்வர், செயலி இரண்டுமே அதைப் பேசினால் பிரச்சினை இல்லை.

அதுவரை வழி: டவ்காட்டில் குப்பை ஃபோல்டருக்கு மட்டும் கோட்டாவுக்கு மேல் 100 எம்பி கூடுதல் கொடுக்கும் விதி ஒன்று போடலாம். கண்டிப்பாகப் போடுங்கள். 200 பேருக்கும் அது 20 ஜிபி, அதையும் கணக்கில் வையுங்கள். குப்பையில் 30 நாளைக் கடந்ததைத் தானாக அழிக்கும் ஏற்பாடும் செய்யுங்கள். செய்வதற்கு முன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் முக்கியமான மெயில்களைக் குப்பை ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருப்பவர் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்.

9 மார்ச் 2024

“டிஸ்க் என்ன பெரிய விலையா, கணக்குப் பார்க்காமல் 8 டிபி போட்டுவிட்டுப் போங்கள்.”

இந்தப் பதிலை எல்லா இடத்திலும் பார்க்கிறேன், எனக்கு ஒப்புதல் இல்லை. டிஸ்க் ஒரு தடவை வாங்குவது. அதில் சேர்ந்ததைத் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், ஒரு நாள் மீட்க வேண்டும். 2 டிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மீட்டாலே ஐந்தரை மணி நேரம். அது ஒரே பெரிய கோப்பாக இருந்தால். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் அந்த வேகம் கிடைக்காது. எவ்வளவு நேரம் மெயில் இல்லாமல் அலுவலகம் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பதில்தான் ஒரு பார்ட்டிஷன் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். நான் 8 டிபியை ஒன்றாக வைப்பதைவிட 2 டிபி வீதம் நாலாகப் பிரித்து ஆட்களைப் பங்கிடுவேன். ஒன்று விழுந்தால் கால்வாசிப் பேர்தான் காத்திருப்பார்கள்.

ரெய்டு போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பது, ஒரு டிஸ்க் சாவதைத் தாங்குவதற்கு. தவறுதலாக அழித்த மெயில் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

10 மார்ச் 2024

பேக்கப் என்றதும் ஞாபகம் வந்தது. மெயில்டிரில் ஒரு மெயிலைப் படித்தால், நட்சத்திரம் போட்டால், பதில் எழுதினால், அந்தக் கோப்பின் பெயர் மாறும். நிலையைக் காட்டும் எழுத்துகள் பெயரின் வாலில்தான் இருக்கின்றன. உள்ளடக்கம் மாறாது. ஆனால் ஆர்சிங்க் மாதிரிப் பெயரைப் பார்த்து ஒப்பிடும் கருவிக்கு அது புதுக் கோப்பு. திரும்பக் கொண்டுபோகும். பழைய பிரதியையும் நீங்கள் வைத்திருக்கச் சொல்லியிருந்தால் ஒரே மெயில் இரண்டு மூன்று இடம் பிடிக்கும். என் பேக்கப் சர்வர் மூலச் சர்வரைவிட வேகமாக நிறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆனது. உள்ளடக்கத்தை வைத்து ஒரே பிரதியாக வைக்கும் பேக்கப் கருவிக்கு மாறியதும் அடங்கியது.

ஸ்னாப்ஷாட்டும், அதாவது டிஸ்க்கின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைப்பதும், அப்படி ஒரு விஷயம். அழித்த மெயிலின் இடம் ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை திரும்பாது. 30 நாள் ஸ்னாப்ஷாட் வைத்தால் 30 நாளில் அழித்த எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

16 மார்ச் 2024

நேற்று என் பக்கத்தில் நடந்தது. ஒருவர் ஆண்டு விழாப் படங்களை ஸிப் செய்து, 18 எம்பி, எல்லோரும் அடங்கிய குழு முகவரிக்கு அனுப்பினார். மெயிலில் அது 25 எம்பி. இங்கே 200 பேர். ஒரே நிமிடத்தில் 5 ஜிபி. பிறகு ஒருவர் “இதில் ஒரு படம் விட்டுப்போயிற்று” என்று எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினார். இன்னொரு 5 ஜிபி. படங்கள் நன்றாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

குழு முகவரிகளுக்குத் தனியாகச் சிறிய அளவு வரம்பு வையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் ஒரே அட்டாச்மெண்டை ஒரே பிரதியாக வைக்கும் வசதி முன்பு இருந்தது, 2010 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். டிஸ்க் இடத்தைவிட டிஸ்க்கின் வேகம் முக்கியம் என்று முடிவு செய்தார்கள். அப்போது எனக்குப் புரியாத முடிவு, இப்போது ஓரளவு புரிகிறது.

17 மார்ச் 2024

எக்ஸ்சேஞ்ச் பெயரை எடுத்ததும் அந்தப் பக்கத்துக் கேள்விகள் வந்துவிட்டன. சுருக்கமாக: டிரான்சாக்‌ஷன் லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) 1 எம்பி கோப்புகளாகக் குவியும், பேக்கப் வெற்றிகரமாக முடிந்தால்தான் சுருங்கும். ஒரு வாரம் பேக்கப் தோற்றது என்றால் ஒரு வாரத்து லாக் முழுதும் டிஸ்க்கில் நிற்கும். அழித்த மெயில் இயல்பாக 14 நாள் மீட்கும் இடத்தில் இருக்கும். அதன் பிறகும் டேட்டாபேஸ் கோப்பு சிறிதாகாது, உள்ளே வெற்றிடம்தான் உண்டாகும். பெட்டிகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டுப் பழையதை நீக்குவதே நிம்மதி. அதற்கும் காலியாக இடம் வேண்டும்!

23 மார்ச் 2024

கோட்டாவை 5 ஜிபியிலிருந்து கூட்டச் சொல்லி நிர்வாகம் கேட்கிறதாம். “இலவசமாகவே இதைவிட அதிகம் தருகிறார்களே” என்று. இந்த வாதத்துக்கு வயது இருபது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் 1 ஜிபி என்று அறிவித்தபோது ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும் தந்துகொண்டிருந்தன. தேதியைப் பார்த்து விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அன்றிலிருந்து ‘அழிக்கத் தேவையில்லை’ என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. அதை எதிர்த்து நிற்பதில் பயன் இல்லை. மாத வளர்ச்சியை எடுத்துக் காட்டுங்கள், கோட்டாவை இரட்டிப்பாக்கினால் அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான் வளர்வார்கள், மற்றவர்களின் அளவு மாறாது. அவர்களுக்கு மட்டும் 15 ஜிபி கொடுத்துவிடுங்கள்.

புதிதாகச் சேருகிறவர் பழைய மெயில்களைக் கோப்பாகக் கொண்டுவந்து ஏற்றச் சொல்வது இன்னொரு திடீர்ச் செலவு. 12 ஜிபி ஒரே மதியத்தில் ஏறும். மாத வளர்ச்சி வரைபடத்தில் அப்படி ஒரு முள் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், ஆனால் விசாரியுங்கள்.

6 ஏப்ரல் 2024

சரி, எண்ணைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிகள் மூன்று வருடத்துக்கு 1480 ஜிபி. தேடல் இண்டெக்ஸ் 200 சொச்சம். குப்பைச் சலுகை 20. திடீர் ஏற்றங்களுக்கு 100. இது 1800. ஸ்னாப்ஷாட் 7 நாள் மட்டும் என்கிறீர்கள், அதற்கு 30 ஜிபி போதும், சேர்த்து 1830. சுருக்கத்தை இயக்கினால் 1480 கணிசமாகக் குறையும், ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் மெயிலில் சோதித்த பிறகுதான் கழிக்க வேண்டும், முன்கூட்டியே கழிக்க வேண்டாம். மூன்றாம் வருடக் கடைசியிலும் நாலில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆக 2440 ஜிபி, சர்வர் காட்டும் கணக்கில். பெட்டியில் அச்சிட்ட கணக்கில் 2.6 டிபி. இரண்டு 4 டிபி டிஸ்க்கை ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும்படி வையுங்கள், 3.6 சொச்சம் கிடைக்கும். க்யூ, லாக், எரித ஒதுக்கிடம், தற்காலிக இடம் எல்லாம் வேறு சிறிய டிஸ்க்கில், தனித்தனிப் பார்ட்டிஷனாக.

எச்சரிக்கையைச் சதவீதத்தில் வைக்காதீர்கள். 100 ஜிபியில் 90 சதவீதம் என்றால் மிச்சம் 10 ஜிபி, 10 டிபியில் மிச்சம் 1 டிபி. இரண்டும் ஒரே அவசரமா? காலி இடத்தைச் சமீபத்திய நாள் வளர்ச்சியால் வகுத்து ‘இன்னும் எத்தனை நாள்’ என்று காட்டச் செய்யுங்கள். புது டிஸ்க்குக்கு அனுமதி வாங்கி, வந்து சேர்ந்து, மாட்டி முடிக்க உங்கள் இடத்தில் எத்தனை நாள் ஆகும்? அதைப் போல இரண்டு மடங்கில் மணி அடிக்க வேண்டும்.

7 ஏப்ரல் 2024

ஒரு சின்ன ஏற்பாடு, மறக்கும் முன்: மெயில் பார்ட்டிஷனில் 2 ஜிபி இடத்தை உண்மையிலேயே பிடிக்கும் ஒரு நிரப்புக் கோப்பை உருவாக்கி வைத்துவிடுங்கள். டிஸ்க் நிறைந்த இரவில் அதை அழித்தால் மூச்சு விட இடம் கிடைக்கும், யாருடைய மெயிலையும் தொடாமல். பெயரைப் பார்த்தாலே எதற்கென்று தெரியும்படி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடுவார்.

13 ஏப்ரல் 2024

எக்ஸ்எஃப்எஸ் பக்கம் மனம் மாறிவிட்டதாகச் சொல்கிறீர்கள். நல்லது. பிப்ரவரி 24-ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ்எஃப்எஸ்ஸை ஓடும்போதே பெரிதாக்கலாம், ஆனால் இஎக்ஸ்டி4 போலச் சுருக்க முடியாது. எனவே எல்விஎம் (பார்ட்டிஷன் அளவைப் பிறகு மாற்ற விடும் ஏற்பாடு) போட்டு, முதல் நாளே 3.6 டிபியையும் மெயிலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1.2 டிபியில் தொடங்குங்கள், மிச்சத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து 300, 400 என்று கூட்டலாம். நடுவில் லாக்குக்கோ க்யூவுக்கோ தேவை வந்தால் ஒதுக்காமல் விட்ட இந்த இடத்திலிருந்தே எடுத்து அங்கேயும் கொடுக்கலாம்.

13 ஏப்ரல் 2024, மாலை

ஆமாம், 400 ஜிபியை நகர்த்தி முடித்து இரண்டு வாரம் ஆகும்வரை பழைய சர்வரை அழிக்க வேண்டாம். அந்த டிஸ்க்கை வேறு வேலைக்கு உடனே வேண்டும் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.